அக்காவுக்காக நான் கேட்டது

என் அக்காவுக்கு முப்பத்திரண்டு வயதில் வலது கையில் நான்கு விரல்கள் போயின. திருபுவனைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் மிஷினில் வேலை பார்த்தாள். கட்டைவிரல் மட்டும் தப்பியது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவள் என்னிடம் முதலில் கேட்டது, "என் செருப்பு எங்கடா?" என்பதுதான். ஆம்புலன்சில் ஏற்றும்போது எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. போய்த் தேடிக்கொண்டு வா என்று இரண்டு நாள் விடாமல் சொன்னாள். கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் ஊர் வில்லியனூருக்குப் பக்கத்தில். மாதா கோயிலைச் சுற்றி எழுபது எண்பது வீடுகள். அப்பா இல்லை. அம்மா இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். நான் வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில் அறை எடுத்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன்.

அக்கா வீடு திரும்பியதும் ஊர் மொத்தமும் வந்து பார்த்தது. வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, ரொட்டிப் பாக்கெட் என்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், பொம்பள புள்ளைக்கா இப்டி வரணும்" என்று அவள் எதிரிலேயே அம்மாவிடம் சொன்னார்கள். அவள் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பாள். அவர்கள் படியிறங்கியதும் எழுந்து உள்ளே போய்விடுவாள். கட்டுப் பிரித்த பிறகு துப்பட்டாவின் ஒரு முனை எப்போதும் வலது கையைச் சுற்றியே இருந்தது. மாதா கோயில் பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க எல்லாரும் கையை நீட்டுவார்கள். அவளும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தவள். இப்போது நாக்கை நீட்டத் தொடங்கினாள். சில மாதங்களில் பூசைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

பகல் முழுக்க வீட்டில் இருந்தாள். டி.வி. போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் கடையில் ஒரு லேப்டாப் கிடந்தது. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு இரண்டு வருடமாகியும் திரும்பி வரவில்லை. போன் நம்பரும் மாறிவிட்டிருந்தது. பழைய மிஷின் என்பதால் புது விண்டோஸை அது ஏற்றுக்கொள்ளவில்லை. லினக்ஸ் போட்டேன். லினக்ஸும் விண்டோஸ் மாதிரி ஒரு கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள்தான், ஆனால் இலவசம். பழைய மிஷினிலும் திணறாமல் ஓடும். படம் பார்ப்பாள் என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

படம் பார்க்கவில்லை. அதில் ஏற்கெனவே இருந்த சீட்டு விளையாட்டை ஒரு வாரம் விளையாடினாள். பிறகு, "இதுல வேற இன்னாடா கீது?" என்று கேட்டாள். கை போனதற்குப் பிறகு அவள் என்னிடம் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் என்னென்னவோ விளையாட்டுகளைப் போட்டுக் காட்டினேன். அதில் ஒன்றுதான் அந்தக் கப்பல் விளையாட்டு.

நான்கு பேர் நான்கு ஊரிலிருந்து சேர்ந்து ஒரு பாய்மரக் கப்பலை ஓட்டவேண்டும். ஒருவர் பாய் இழுப்பார், ஒருவர் பீரங்கி பார்ப்பார், ஒருவர் ஓட்டையை அடைத்துத் தண்ணீர் இறைப்பார், ஒருவர் சுக்கான் பிடிப்பார். கடலில் மற்றவர்களின் கப்பல்களும் இருக்கும். சரக்கை யார் முதலில் துறைமுகத்தில் சேர்க்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். ஐரோப்பாவில் எங்கோ ஒரு சிறிய கம்பெனி செய்தது. விண்டோஸுக்காகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் ஒரு இடைமென்பொருள் உண்டு. அதன் வழியாக நன்றாகவே ஓடியது. கம்பெனிக்காரர்கள் அதற்கு உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

இடது கையால் மட்டும் அவளால் எல்லாப் பொத்தான்களையும் அழுத்த முடியவில்லை. நான் தையல் மிஷின் மோட்டாருக்கு வைக்கிற கால் பெடல் இரண்டு வாங்கினேன். உடைந்த கீபோர்டு ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த பலகையில் இந்தப் பெடல்களின் ஒயரைப் பற்றவைத்தேன். லேசாகத் தட்டினால் ஒரு வேலை, அழுத்திப் பிடித்தால் ஒரு வேலை, இரண்டையும் சேர்த்து மிதித்தால் வேறொரு வேலை என்று பிரிக்க லினக்ஸில் ஒரு சிறிய நிரல் எழுதினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முடிந்ததும் அவளை உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்தேன். கால்கள் பெடலில், இடது கை கீபோர்டில், வலது கை மடியில். துப்பட்டா நழுவியிருந்தது.

"எதுக்குடா போட்டோ?"

"ஒயரு எதுனா கழண்டா பாத்து மாட்டறதுக்குதான்கா."

அப்போது அது உண்மைதான்.

கால்களால் சுக்கான் பிடிப்பதில் அவள் எல்லாரையும் மிஞ்சினாள். மற்றவர்கள் விரலால் பொத்தானைத் தட்டித் தட்டித் திருப்புகிற இடத்தில் இவள் இரண்டு காலையும் மாற்றி மாற்றி மிதித்துப் பாறைகளுக்கு நடுவே வளைத்து எடுப்பாள். மூன்று பேர் அவளைத் தங்கள் கப்பலில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் வளைகுடாவில் கோடவுனில் வேலை செய்யும் மலையாளி. ஒருத்தி பிலிப்பைன்ஸில் நர்ஸ். இன்னொருவர் போலந்தில் ரிட்டயரான பஸ் டிரைவர். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடுவார்கள். அம்மா பால் கறக்கிற நேரம் அது.

அக்கா குரலில் பேசமாட்டாள்; தட்டச்சுதான். பிளஸ் டூ வரை படித்த இங்கிலீஷ் அதற்குப் போதுமானதாக இருந்தது. அவள் வைத்துக்கொண்டது ஒரு பறவையின் பெயர். ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மலையாளி அவளை 'அளியா' என்று கூப்பிடுவார். மச்சான் என்கிற மாதிரி.

ஒருநாள் நான் கடையிலிருந்து வந்தபோது அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா?"

"பாறையில ஏத்திட்டன்டா. மொத்த சரக்கும் போச்சு. அந்த மலையாளத்தான் என்னெ இன்னா திட்டு திட்டறான் தெரியுமா? குருட்டுப் பயலே, உனக்கு எவன்டா சுக்கான் குடுத்தான்னு. அந்த நர்சு வேற சேந்துகினு திட்டுது."

"அதுக்கா சிரிக்கற?"

"பின்ன, நான்தான ஏத்தனேன்? திட்டாம கொஞ்சுவானா?"

அந்த வாரம் பூராவும் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் பாத்திரத்தைக் கீழே போட்டால்கூட, "விடு தாயி, நான் பாத்துக்கறன்" என்று அம்மா ஓடிவருகிற வீடு எங்கள் வீடு. அவளைத் திட்ட ஆள் கிடைத்தது அங்கே மட்டும்தான் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போயிருக்கும். ஒருநாள் கம்பெனி விளையாட்டைப் புதுப்பித்தது. அக்கா ஐந்து மணிக்கு உட்கார்ந்தாள். கப்பல் வருவதற்குப் பதில் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. உங்கள் இயங்குதளத்தில் இந்த விளையாட்டை ஆட முடியாது.

ஏமாற்றி ஆடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள், அதனால் ஒரு காவல் நிரலைச் சேர்த்திருக்கிறோம் என்று அறிவித்திருந்தார்கள். அந்தக் காவல் நிரல் லினக்ஸ் மிஷின்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. விசாரித்துப் பார்த்தேன். காவல் நிரலைச் செய்தவர்களிடமே லினக்ஸுக்கும் ஒரு வழி இருந்தது. விளையாட்டுக் கம்பெனி அதற்கு அனுமதி கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். கொடுக்கவில்லை.

ஒருநாளைக்கு மட்டும் கடையிலிருந்து ஒரு விண்டோஸ் லேப்டாப் கொண்டுவந்து, என் பெடல் நிரலை அதற்குத் தகுந்தமாதிரி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் காவல் நிரல் அவளை வெளியே தள்ளிவிட்டது. பொத்தான்களைத் தானாக அழுத்தும் நிரல் ஓடுகிறது, ஏமாற்றுக்காரர் என்று சந்தேகம், மூன்று நாள் தடை. "நான் ஏமாத்தறனாம்டா" என்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

லினக்ஸில் என் பெடல் நிரலின் அழுத்தங்கள் சாதாரண கீபோர்டு மாதிரியே தெரியும். ஆக, லினக்ஸைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. நான் கம்பெனிக்கு எழுதினேன்.

முதல் கடிதம் மரியாதையாகவும் சுருக்கமாகவும் இருந்தது. உங்கள் விளையாட்டை லினக்ஸில் இத்தனை நாளாக ஆடிவந்தோம், காவல் நிரலில் அதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது, தயவுசெய்து திறந்துவிடுங்கள், சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம். மிஷினே எழுதிய பதில் ஒன்று வந்தது. இரண்டாவது கடிதத்தில் எந்த இடத்தில் என்ன மாற்றவேண்டும் என்று விவரமாக எழுதினேன். அதே பதில் மறுபடி வந்தது.

அந்த நாட்களில் அக்கா ஐந்து மணி ஆனதும் பழக்கத்தில் போய் லேப்டாப்பைத் திறப்பாள். கறுப்புத் திரையைப் பார்ப்பாள். மூடிவிட்டு போனை எடுத்து, குழுவின் அரட்டையில் அவர்கள் அன்று எந்தத் துறைமுகம் போனார்கள் என்று படிப்பாள். அவளுடைய இடத்தில் தற்காலிகமாக யாரையோ வைத்துக்கொண்டார்கள். "அளியா, இவனுக்கு ஒண்ணும் தெரியல, சீக்கிரம் வா" என்று மலையாளி எழுதுவார்.

"எப்படா சரியாவும்?" என்று என்னைக் கேட்பாள்.

"கேட்டுக்கினுதான்கா இருக்கன்."

மூன்றாவதாக, கம்பெனி நடத்தும் பொது மன்றத்தில் எழுதினேன். விளையாடுகிற எவரும் அங்கே எழுதலாம், கம்பெனிக்காரர்களும் படிப்பார்கள். லினக்ஸில் ஆடியவர்கள் பலர் வந்து எனக்கும் அதே கதிதான் என்று எழுதினார்கள். யாராரோ, எந்தெந்த ஊரோ. எல்லாரும் கேட்டால் செய்வார்கள் என்று நம்பிக்கை வந்தது. அதே அளவுக்கு எதிர்த்து எழுதியவர்களும் இருந்தார்கள். லினக்ஸ்காரர்கள்தான் ஏமாற்றுகிறவர்கள் என்றார்கள். இனாமாகக் கிடைப்பதை வைத்துக்கொண்டு எங்களிடம் வந்து ஏன் அழுகிறீர்கள் என்றார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருவர் எழுதினார்: "உங்களைப் போன்றவர்களை ஒரு கை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்காக ஒரு கம்பெனி வேலை செய்யவேண்டுமா?"

மத்தியானம். கடையில் நான் மட்டும் இருந்தேன். அதை இரண்டு முறை படித்தேன். அவருக்கு எதுவும் தெரியாது, சாதாரணமாகச் சொல்கிற வார்த்தையைத்தான் சொன்னார். எனக்கு அது அப்படிப் படவில்லை. போனில் அந்தப் போட்டோவைத் தேடி எடுத்தேன். அக்காவின் முகம் வராமல் வெட்டினேன். பெடல் மேல் கால்கள், கீபோர்டில் இடது கை, மடியில் கட்டைவிரல் மட்டும் நிற்கும் வலது கை. அதைப் போட்டு எழுதினேன். இது என் அக்காவின் கை. எண்ணிக்கொள்ளுங்கள். இவர் உங்கள் விளையாட்டில் சுக்கான் பிடித்தவர். இவருக்கு வேறு மிஷின் உதவாது. பெடல்களைப் பற்றியும், விபத்தைப் பற்றியும், அவள் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை என்பதைப் பற்றியும் எழுதினேன். பூசைக்கு வருவதை நிறுத்தியதைக்கூட எழுதினேன். கடைசியில் அவள் விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயரையும் எழுதினேன். கம்பெனி சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று.

ஒருமுறை படித்துப் பார்த்தேன். நன்றாக எழுதியிருப்பதாகத் தோன்றியது. அனுப்பிவிட்டேன். அக்காவைக் கேட்கவேண்டும் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. கேட்டால் வேண்டாம் என்பாள் என்றும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் நூற்றுக்கணக்கில் பதில்கள். எதிர்த்தவர்களில் சிலரே மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். எண்ணிவிடலாம் என்று எழுதியவர் தன் வரியை அழித்துவிட்டிருந்தார். லினக்ஸ் விளையாட்டுகளைப் பற்றிப் பேசும் வேறு தளங்களுக்கும் அந்தப் போட்டோ போய்விட்டது. கம்பெனியில் ஒரு பெண் அதிகாரி தன் கைப்பட எனக்கு எழுதினார்: படித்து அழுதுவிட்டோம், நிச்சயம் பரிசீலிக்கிறோம், உங்கள் அக்காவைப் பற்றி ஒரு வீடியோ எடுக்க விரும்புகிறோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காரணம் சொல்லாமல் சிரித்துப் பேசினேன். அனுமதி கிடைத்ததும் அக்காவிடம் சொல்லி அசத்திவிடலாம் என்று இருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினாள்.

"இது யார் கைடா?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"கேக்கறன் இல்ல? யார் கை?"

"உன் கைதான்கா."

"யாரக் கேட்டு போட்ட?"

"நல்லதுக்குத்தான்கா. அவனுங்க எழுதினதெல்லாம் நீ பாக்கல. கம்பெனில இருந்தே இப்ப..."

"மலையாளத்தான் அனுப்பிகீறான். இது நீங்களான்னு கேக்கறான்." போனைத் தன் பக்கம் திருப்பி, ஒரு எழுத்து விடாமல் படித்தாள். "மன்னிச்சிடுங்க சேச்சி, தெரியாம எவ்வளவோ திட்டியிருக்கேன், மனசுல வச்சிக்காதீங்க. இவன் எதுக்குடா மன்னிப்பு கேக்கறான்? இவன் இன்னா தப்பு பண்ணான்?"

அளியா போய் சேச்சி வந்திருந்தது. அக்கா என்று அர்த்தம்.

"அந்த நர்சு எழுதுது, நீங்க எவ்ளோ தைரியசாலின்னு. நான் இன்னாடா தைரியம் பண்ணன்? கப்பல் ஓட்டனேன். அவ்ளோதான்." குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்குத் தேவலை போலிருந்திருக்கும். "கேளுன்னு நான்தான் சொன்னன். நீ கேட்டது தப்பு இல்ல. என் கைய காட்டியா கேப்ப? நீ எனக்கு கேம் கேட்டியா, பிச்ச கேட்டியா?"

மாட்டுக்கொட்டகையிலிருந்து அம்மா, "இன்னாடி அங்க சத்தம்?" என்று குரல் கொடுத்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. வேலய பாரு."

பிறகு அவள் எழுந்து உலையில் அரிசி போட்டாள். அன்று நான் சாப்பிட உட்கார்ந்தபோது எப்போதும்போலத்தான் பரிமாறினாள். குழம்பு போதுமா என்றுகூடக் கேட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்திருக்கிறேன். "விடுறா" என்று அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவாள்.

வீடியோ வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதச் சொன்னாள். எழுதினேன். அவர்கள் புரிந்துகொள்கிறோம் என்றார்கள். நான்கைந்து மாதம் சத்தமே இல்லை. மன்றத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே எழுதுவதை நிறுத்திவிட்டேன். பிறகு ஒருநாள், புதுப்பிப்புக் குறிப்புகளில் பத்தோடு பதினொன்றாக ஒரு வரி இருந்தது. லினக்ஸில் ஆட இனி அனுமதி உண்டு. யார் யாரோ எனக்கு நன்றி சொல்லி எழுதினார்கள்.

அக்காவிடம் சொன்னேன். "அப்டியா" என்றாள். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக மண்ணாடிப்பட்டுப் பக்கம் போயிருந்தாள். அக்கா தானாகவே வந்து, "அத்த போட்டுக் குடு" என்றாள். பெடல்களைத் துடைத்து மாட்டி, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். தற்காலிக ஆள் விலகிக்கொண்டார். கப்பலின் பாயில் பூ மாதிரி ஏதோ அலங்காரம் செய்திருந்தார்கள். 'வெல்கம் சேச்சி' என்று எழுதியிருந்தது. அவள் ஒன்றும் எழுதாமல் சுக்கானைப் பிடித்தாள். துறைமுகத்தைவிட்டுக் கிளம்பி நல்ல காற்றில் போனது. அரை மணி நேரம் அழகாகத்தான் ஓட்டினாள். எதிரிக் கப்பல் ஒன்றை வளைத்துத் தாண்டினாள். 'சூப்பர் சேச்சி', 'ஓய்வெடுத்துக்கொண்டு ஓட்டுங்கள்', 'கை வலிக்கவில்லையே' என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. அவள் ஓட்டுவது காலால்.

வழியில் இருந்த குறுகிய நீரிணை அவளுக்கு மனப்பாடம். இரண்டு பாறைகளுக்கு நடுவே நூறு தடவை போயிருப்பாள். அன்று வலது காலை எடுக்கவேண்டிய இடத்தில் எடுக்கவில்லை. அழுத்தியே வைத்திருந்தாள். கப்பல் நேராகப் போய்ப் பாறையில் ஏறியது. சரக்கெல்லாம் கடலில் மிதந்தது. வேண்டுமென்றே செய்தாளா, பழக்கம் விட்டுப்போனதாலா, இன்றுவரை நான் கேட்டதில்லை.

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் நர்ஸ் எழுதினார், பரவாயில்லை என்று. பஸ் டிரைவர் ஒரு இதயப் படம் போட்டார். மலையாளி எழுத ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் தெரிந்தது. அக்கா முன்னால் சாய்ந்தாள். கடைசியில் அவருடைய வரி வந்தது: "சாரமில்ல சேச்சி, பரவாயில்ல. மெதுவா ஓட்டலாம். அவசரம் இல்ல."

அவள் பெடலிலிருந்து கால்களை எடுத்தாள். "எல்லாரும் நல்லவங்கடா" என்றாள். லேப்டாப்பை மூடினாள். போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் பெடல்களையும் லேப்டாப்பையும் ஒரு கட்டைப்பையில் போட்டு என் வண்டியில் மாட்டியிருந்தாள். "கடைக்கு எடுத்துனு போ. யாருக்குனா ஆவும்" என்றாள்.

அந்த வருடக் கடைசியில் பாகூர் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் ஸ்டோர் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டாள். பங்குச் சாமியார் சொல்லி வாங்கிக் கொடுத்தது. அங்கேயே தங்கல். அரிசி, பருப்பு, எண்ணெய் எவ்வளவு போகிறது என்று இடது கையால் எழுதி வைக்கிறாளாம். பிள்ளைகள் அவளுக்குப் பயப்படுவார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்கிறாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவாள். என்னிடம் கடை எப்படிப் போகிறது, சாப்பிடுகிறாயா, இளைத்துவிட்டாயே என்று விசாரிப்பாள். சண்டை இல்லை. முன்பு ஒருத்தரை ஒருத்தர் தலையில் குட்டிக்கொள்வோம், அது இல்லை. பஸ் ஏற்றிவிடப் போகும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவள் என் தோளைப் பிடித்துக்கொள்வதில்லை, பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள்.

போட்டோவை எடுத்துவிடுங்கள் என்று நான் கம்பெனிக்கு மறுபடி எழுதினேன். உடனே எடுத்துவிட்டார்கள். இந்தமுறை ஒரே கடிதம்தான் தேவைப்பட்டது. ஆனால் மற்ற தளங்களில் இருந்தது. ஒவ்வொருவரையும் தேடித் தேடி எழுதினேன். பாதிப்பேர் எடுத்தார்கள். ஒருவர், "இது ஒரு வரலாறு, அழிக்கக்கூடாது" என்று பதில் எழுதினார். சிலர் பதிலே போடவில்லை. லினக்ஸில் ஆட அனுமதி கேட்டு வேறு விளையாட்டுக் கம்பெனிகளிடம் மனுப் போடுகிறவர்கள், மனுவின் தலைப்பிலேயே அந்தக் கையை வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் கரியமாணிக்கத்திலிருந்து காலேஜில் படிக்கும் ஒரு பெண் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். லினக்ஸ் போட்டுத் தரவேண்டும், அந்தக் கப்பல் விளையாட்டு ஓடவேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தேன். ஓடுகிறதா என்று சோதிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னெல்லாம் லினக்ஸ்ல விடமாட்டாங்களாம்ணா. யாரோ ஒரு அக்கா கேட்டுதான் விட்டாங்களாம். அவங்களுக்கு கையே இல்லியாம், பாவம்." போனை எடுத்து எங்கேயோ தேடினாள். "தோ, இவங்கதான். இந்தியாதான்னு போட்டுகீது. எந்த ஊர்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

பார்த்தேன். எங்கள் வீட்டுத் தரையின் சிவப்பு சிமெண்டு நன்றாகத் தெரிந்தது.

"தெரியாதும்மா" என்றேன். லேப்டாப்பை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். "அந்தப் போட்டோ எதுல இருந்து எடுத்த? அந்த லிங்க் கொஞ்சம் எனக்கு அனுப்பேன்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அனுப்பிவிட்டு, மாடிப்படியில் இறங்கிப் போனாள். நான் உட்கார்ந்து அந்தத் தளத்தின் ஆளுக்கு எழுத ஆரம்பித்தேன். ஐயா, உங்கள் பக்கத்தில் உள்ள ஒரு படத்தைப் பற்றி.